லாஸ்பேட்டை விமான சிமுலேட்டர் கடை: இருட்டு அசல், சுமை போலி

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 3.5. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அரை மணி நேரம் ‘ஜாலி ரைடு’ அடித்துவிட்டு வரப்போகிறவர்கள் 4.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் மதிப்பெண் போடுவது அவர்களுடைய ‘நைட் கார்கோ’ பேக்கேஜுக்கு, அதாவது ராத்திரிச் சரக்கு விமானத்தைத் தரையிலேயே திரை முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பதற்கு. ஒரு மணி நேரம் 2,200 ரூபாய். அதை ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதியது எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கொக்கு பார்க் சிக்னலிலிருந்து ஏர்போர்ட் ரோட்டில் போனால் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி. போர்டு சின்னது, படி செங்குத்து, வண்டி நிறுத்த இடம் கிடையாது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் முருங்கப்பாக்கம், மரப்பாலம் நெரிசலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாமதமாகப் போனால் உங்கள் மணி நேரத்தில்தான் கழிப்பார்கள்.

நான் மஞ்சக்குப்பத்துக்காரன். ஷார்ஜா விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ராத்திரி ஷிஃப்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். விமானம் ஓட்டத் தெரியாது. எந்தப் பெட்டி எங்கே உட்கார்ந்தால் மூக்கு கனக்கும், எங்கே உட்கார்ந்தால் வால் தரையில் இடிக்கும் என்பது தெரியும். லோட் ஷீட்டில் (எந்தச் சுமை எங்கே, எவ்வளவு எடை என்ற தாளில்) கையெழுத்துப் போட்டே விரல் தேய்ந்தவன். ஆகவே இந்த விமர்சனம் பைலட் எழுதுவது அல்ல, பைலட்டுக்கு முதுகுக்குப் பின்னால் சுமையை ஏற்றி அனுப்பியவன் எழுதுவது.

போனது என் அக்கா மகனுக்காக. 200 மணி நேரப் பறப்பை முடித்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஆப்பிரிக்காவில் ஒரு கம்பெனி, ராத்திரியில் கூரியர் பெட்டி ஏற்றிப் போகும் செஸ்னா கேரவன் என்ற சின்ன விமானத்தில் வலது சீட்டில், அதாவது துணை பைலட்டாக, உட்காரக் கூப்பிட்டிருக்கிறது. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஒத்தை இன்ஜினு, ராத்திரி, ஊரு பேரு தெரியாத காடு. நீ ஏர்போர்ட்டுல இருந்தவன்தானே, நீயே சொல்லு.” அவனோ, “மாமா, சிமுலேட்டர்ல ஓட்டிக் காட்டுறேன், நீங்க பாத்துட்டு அம்மாகிட்ட பேசுங்க” என்றான்.

கேரவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்னால் ஒரே ஒரு டர்போபிராப் இன்ஜின் (டர்பைன் சுழற்றும் விசிறி). ஒரு பைலட் போதும் என்று சான்றிதழ் பெற்ற விமானம். 208பி என்ற நீள வகை ஏறக்குறைய 4 டன் எடை வரை கிளம்பலாம். 1980களில் ஃபெட்எக்ஸ் கம்பெனிக்காகவே பயணிகள் ஜன்னல் இல்லாத சரக்கு வடிவத்தைச் செய்து கொடுத்தார்கள். சாயங்காலம் சின்ன ஊர்களிலிருந்து பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு பெரிய ஊருக்குப் போவது, விடியும் முன் பெரிய ஊரிலிருந்து சின்ன ஊர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோவது: அதன் பிழைப்பு இதுதான். நம்பகமான இன்ஜின்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஒற்றை டர்பைன் இன்ஜினை வைத்துக்கொண்டு ராத்திரியிலும் மேகத்துக்குள்ளும் வணிகப் பறப்பு நடத்த ஐரோப்பா முழுமைக்கும் பொதுவான அனுமதி வந்தது 2017-ல்தான். அக்காவின் பயம் படிக்காதவள் பயம் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

இனி கடை. மூன்று பெரிய திரைகள் வளைத்து வைத்திருக்கிறார்கள். நிஜ கேரவனில் வேகம், உயரம் எல்லாம் காட்டும் ஜி1000 கண்ணாடித் திரை மாதிரியே இரண்டு. யோக் (விமானத்தை ஏற்றி இறக்கித் திருப்பும் கைப்பிடி) நல்ல கனம். கால் பெடல் மட்டும் லொடலொட. ஓட்டிக் காட்டுகிறவர் ரிட்டயர்ட் பைலட். என்னை ‘சார்’ என்றும் இவனைத் ‘தம்பி’ என்றும் கூப்பிட்டார். உள்ளே நுழைந்ததும் கைபேசிகளை ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொல்லிவிட்டு அறை விளக்கை அணைத்துவிட்டார். ஒரு சிவப்பு டார்ச் மட்டும். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு தடவை போன் வெளிச்சத்தைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று விளக்கினார். அந்த அரை மணியைக் கட்டணத்தில் சேர்க்கவில்லை. இதற்கே அரை மதிப்பெண் கூடுதல்.

(உயரத்தில் இது இன்னும் மோசம். கேரவனில் கேபின் அழுத்தம் கிடையாது. ராத்திரியில் 5,000 அடிக்கு மேலேயே ஆக்சிஜன் எடுத்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க விமானத் துறை சொல்கிறது, ஏனென்றால் காற்று மெலிந்ததும் முதலில் மங்குவது ராத்திரிப் பார்வைதான். மாவு மில் மாடியில் அதையெல்லாம் காட்ட முடியாது.)

முதல் பாடம் நம்ம ஊர்க் கடல்தான். சென்னையிலிருந்து கிளம்பி வங்கக்கடல் மேல் வந்து, கடல் பக்கமிருந்து திரும்பி லாஸ்பேட்டை ஓடுபாதையில் இறங்க வேண்டும். அமாவாசை ராத்திரி. ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர்தான், கேரவனுக்குத் தாராளம். திரையில் புதுச்சேரி விளக்குகள் அழகாக வரிசை கட்டி நின்றன. இங்கே ஒரு குறை: கடல் மீன்பிடி தடைக்காலம் மாதிரி வெறிச்சென்று கிடக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கரையில் ராத்திரி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், தூரத்தில் எது படகு விளக்கு, எது வானத்து மீன் என்று பிரிக்கவே முடியாது. மேலே பறக்கிறவனுக்கும் அதே குழப்பம்தான். படகு விளக்கை நட்சத்திரம் என்று எடுத்துக்கொண்டால் அடிவானம் எங்கேயோ கீழே போய்விடும், அவன் விமானத்தைச் சாய்த்துக்கொண்டே நேராகப் போவதாக நினைப்பான். சொன்னதும் அவர் நாலைந்து கப்பலைப் போட்டார். நானூறு வேண்டும்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கடையின் உயிர். ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்கு இருக்கும், பாப்பி என்பார்கள்; இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான சரிவில் வருகிறோம் என்று அர்த்தம். அதை அணைத்தார். உயரம் காட்டும் இடத்தில் ஒரு அட்டையை ஒட்டினார்.

“தம்பி, ரன்வே தெரியுதா?”

“நேரா முன்னாடி சார்.”

“உயரம் எப்படி இருக்கு?”

“கொஞ்சம் ஹை-ஆ இருக்கிற மாதிரி தோணுது சார்.”

மூக்கை இறக்கினான். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கொஞ்சம். சோலை நகர் கரையைத் தொடுவதற்கு முன்பே திரை அப்படியே நின்றுவிட்டது. கடலில் விழுந்தாயிற்று. அவனுக்கு முகம் செத்துவிட்டது. விழும் கணம் வரை ஓடுபாதை அவன் கண் முன்னால் ஒழுங்காக, நிதானமாகத் தெரிந்துகொண்டே இருந்தது. நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

இதை ‘பிளாக் ஹோல் அப்ரோச்’ என்கிறார்கள். கீழே ஒரு விளக்கும் இல்லாத கறுப்பு, எதிரே ஊர் விளக்கு மட்டும். பகலில் கண்ணுக்கு மரம், வீடு, அலை என்று அளந்து பார்க்கப் பொருள் இருக்கும். இங்கே அந்த விளக்குக் கூட்டம் எவ்வளவு பெரிசாகத் தெரிகிறது என்பது ஒன்றுதான் கணக்கு. அந்த அளவை மாறாமல் வைத்துக்கொண்டே இறங்கினால் நேர்கோட்டில் வராமல் ஒரு வளைவில் தொங்கிக்கொண்டே வருவோம். அந்த வளைவு ஓடுபாதைக்கு முன்பே தரையைத் தொட்டுவிடும். விளக்கு வரிசை மேட்டில் ஏறியிருந்தால் நாம் உயரத்தில் இருப்பதாக இன்னும் அதிகமாகத் தோன்றும். 1960களில் ராத்திரி விபத்துகள் அடுத்தடுத்து நடந்த காலத்தில், போயிங் கம்பெனியில் கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர் இதையே சிமுலேட்டரில் சோதித்தார். உட்கார வைத்தது அனுபவசாலிப் பைலட்டுகளை. உயரமானியை மறைத்துவிட்டு, கண்ணால் மட்டும் பார்த்து ஊர் விளக்கை நோக்கி வரச் சொன்னார். பெரும்பாலானவர்கள் அளவுக்கு மீறித் தாழ வந்தார்கள். ஆக, நம்ம பையன் விழுந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனிதக் கண்ணின் அமைப்பே அப்படி.

அட்டையை எடுத்துவிட்டு அடுத்த முறை ஒரே ஒரு கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்: ஒரு கடல் மைலுக்கு 300 அடி. ஐந்து கடல் மைலில் ஓடுபாதையை விட 1,500 அடி மேலே, இரண்டில் 600. கண் என்ன சொன்னாலும் எண்ணைப் பார். பையன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இறங்கினான், சரியாக வந்து உட்கார்ந்தான். இந்த ஒரு பாடத்துக்காகவே 2,200 ரூபாய் தகும்.

இரண்டாவது பாடம் பொய் சொல்லும் கருவி. நடுக்கடலில் 9,000 அடியில் ஆட்டோபைலட்டில் போய்க்கொண்டிருக்கும்போது, அறிவிப்பில்லாமல் இடது திரையின் செயற்கை அடிவானம் (விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி) மூக்கு மேலே மேலே போவதாகக் காட்டத் தொடங்கியது. மூக்கு மேலே போகவில்லை. பையன் யோக்கைத் தள்ளினான். “பக்கத்துத் திரையைப் பாரு, கீழே ஸ்டாண்ட்பையைப் பாரு!” என்று, அவசரத்துக்கென்று இருக்கும் தனிக் கருவியைக் காட்டி அவர் கத்திய பிறகுதான் நிறுத்தினான்.

இது கற்பனை இல்லை. 2016 ஜனவரி 8, நள்ளிரவு தாண்டிய நேரம். ஒஸ்லோவிலிருந்து டிரோம்சோவுக்குத் தபால் ஏற்றிப் போன வெஸ்ட் ஏர் ஸ்வீடனின் சிஆர்ஜே-200, 33,000 அடியில் நேராகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் பக்கத் திரை தவறான கோணத்தைக் காட்டியது, அவர் மூக்கை அழுத்தினார். வெளியே பார்த்துச் சரிசெய்ய அடிவானம் இல்லை. கோளாறு தொடங்கியதிலிருந்து தரை வரை 80 விநாடி. இரண்டு பைலட்டும் போய்விட்டார்கள். விமானத்தில் வேறு யாரும் இல்லை, தபால்தான். அங்கே பக்கத்து சீட்டில் ஒருவர், அவர் முன்னால் சரியாக வேலை செய்யும் திரை. அப்படி இருந்தும் இது. கேரவனில் அந்த சீட்டு பெரும்பாலும் காலி. இந்தப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள், அவராகத் தர மாட்டார், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று யோசிக்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் கண் சம்பந்தப்பட்டது. கண் விஷயத்தில் கடை முதல் தரம். உடம்பு விஷயத்தில் ஒன்றுமே இல்லை. நாற்காலி அசையாது. கீழே மில் ஓடும்போது தரை கொஞ்சம் அதிர்கிறது, இங்கே கிடைக்கும் மோஷன் அவ்வளவுதான். இது சாதாரணக் குறை இல்லை. இருட்டில் வேகமெடுத்துக் கிளம்பும்போது உள்காது, பின்னால் தள்ளப்படுவதையும் மூக்கு தூக்குவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் திருத்திவிடும். தெரியாவிட்டால் பைலட் ‘ரொம்ப ஏறுகிறேன்’ என்று நினைத்து மூக்கை அழுத்துவார், தரையோ தண்ணீரோ பக்கத்திலேயே இருக்கும். 2000 ஆகஸ்ட் 23 ராத்திரி, கெய்ரோவிலிருந்து பஹ்ரைன் வந்த கல்ஃப் ஏர் ஏர்பஸ் இறங்காமல் மறுபடி மேலேறப் போய்க் கடலில் விழுந்து 143 பேர் இறந்ததில், விசாரணை சொன்ன காரணங்களில் இந்த மயக்கமும் உண்டு. பயணிகள் விமானம்தான், ஆனால் ராத்திரிக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வளைகுடாவில் எங்களை மாதிரி ஏர்போர்ட் ஆட்கள் அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், கோடிக்கணக்கில் விலையுள்ள அசையும் சிமுலேட்டர்கள் இதே மயக்கத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. வேகமெடுப்பதாகக் காட்ட கேபினையே பின்னால் சாய்ப்பார்கள், உடம்பு ஏமாந்துவிடும். இங்கே அந்த ஏமாற்று இல்லாததால், பையன் ராத்திரிக் கிளம்பலை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டு “ஈஸிதான் மாமா” என்றான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ‘இங்கே சுலபமாக இருப்பது அங்கே சுலபமாக இருக்காது’ என்று கடை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான்தான் சொன்னேன்.

பனிக்கட்டி படிவதையும் காட்டினார்கள், சுமாராக. நம்ம பக்கம் உறைநிலை ஏறக்குறைய 16,000 அடிக்கு மேலே இருப்பதால் கேரவன் போகும் உயரத்தில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. குளிர் நாட்டில் ராத்திரி ஓட்டுகிறவனுக்கு இறக்கையில் பனி ஏறுவது தெரிய ஒரு சின்ன விளக்குதான் துணை. கேரவன் இந்த விஷயத்தில் பெயர் கெட்ட விமானம், பனியில் வேகம் மணிக்கு 120 கடல் மைலுக்குக் கீழே போகக்கூடாது என்று பிற்பாடு விதியே போட்டார்கள்.

இப்போது என் இடத்துக்கு வருகிறேன்: சுமை. கிளம்பும் முன் திரையில் சரக்கு எடைக்கு ஒரு கோடு. மவுஸால் இழுத்தால் எடை ஏறுகிறது, பச்சை வந்தால் சரி. அவ்வளவுதான் லோடிங். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜத்தில் கேரவனுக்குப் பின்பக்கக் கதவு வழியாகப் பெட்டி ஏற்றும்போது, வால் இறங்கி உட்கார்ந்துவிடாமல் இருக்க அடியில் ஒரு முட்டுக்கம்பி வைப்பார்கள். அந்தக் கம்பி எதற்கு என்று பையனுக்கே தெரியவில்லை. 200 மணி நேரமும் ஆளைத் தவிர வேறு சுமை இல்லாத விமானத்தில் பறந்தவன்.

சரக்குக்காரன் எழுதிக் கொடுக்கும் எடை வேறு, தராசு சொல்லும் எடை வேறு. ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏற்றியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கசியும், கயிறு தளரும், பெட்டி நகரும். வெளிச்சமாக இருக்கும் பெரிய நிலையத்தில் மறு எடை போட ஆள் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு, ஒரு குழல்விளக்கு எரியும் மூலையில், ‘லேட் ஆகுது’ என்று சூப்பர்வைசர் கத்தும்போது, பெட்டிகளை இறுக்கிக் கட்டும் வலையைக் கடைசிக் கொக்கி வரை மாட்டியதை யார் பார்த்தார்கள்? எடை பின்னால் போய்விட்டால் மூக்கு தானாகத் தூக்கும், அதை இறக்க யோக்கில் வலு இருக்காது. 2013 ஏப்ரலில் பக்ராமிலிருந்து துபாய் வரக் கிளம்பிய நேஷனல் ஏர்லைன்ஸ் 747-ல் ராணுவ வண்டி ஒன்று கட்டு அறுந்து பின்னால் ஓடியதில் ஏழு பேரும் இறந்தார்கள். பட்டப்பகல், அனுபவசாலிக் குழு, 747. நாலு டன் கேரவனில் ஒரு ஆள் எடையுள்ள பெட்டி நகர்ந்தாலே போதும்.

நான் சொன்னதும் அந்தப் பெரியவர் ஒரு காரியம் செய்தார், அதற்காகக் கால் மதிப்பெண். மென்பொருளில் எடையைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டச் சொன்னார். கிளம்பியதுமே பையன் இரண்டு கையாலும் யோக்கை அழுத்திக்கொண்டு வியர்த்துவிட்டான். இதை நிரந்தரப் பாடமாக வையுங்கள் சார் என்று கேட்டிருக்கிறேன்.

சுமையைவிடக் காட்ட முடியாதது தூக்கம். நாங்கள் போனது சாயங்காலம் ஏழு மணி, பையன் மத்தியானம் நன்றாகத் தூங்கியிருந்தான். நிஜ வேலையில் இறங்கும் நேரம் விடியற்காலை நாலு, நாலரை. உடம்பு எவ்வளவு பழகினாலும் ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை மூளை பாதி கடையைச் சாத்திவிடும். 2013 ஆகஸ்ட் 14 விடியும் முன் அமெரிக்காவில் பர்மிங்ஹாமில் யூபிஎஸ் சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்பே மேட்டில் மோதி இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். விசாரணையில் களைப்பும் பேசப்பட்டது. 2014-ல் அங்கே பைலட் ஓய்வுக்குப் புது விதி வந்தபோது சரக்கு விமானங்களை மட்டும் விலக்கி வைத்தார்கள். பெட்டிக்கு உயிர் இல்லை என்பது சரி, ஓட்டுகிறவனுக்கு உண்டே. கடையில் விடியற்காலை நாலு மணி ஸ்லாட் ஒன்று வைத்தால் நான் முதல் ஆளாகப் பணம் கட்டுவேன் என்றேன். மில் முதலாளி கேட் திறக்க மாட்டாராம்.

நம் நாட்டிலும் இந்த வேலை புதிது இல்லை. 1949-லிருந்து ராத்திரித் தபால் விமானங்கள் சென்னை, பம்பாய், கல்கத்தா, டில்லி நான்கிலிருந்தும் கிளம்பி நாக்பூரில் கூடி, மூட்டை மாற்றிக்கொண்டு விடியும் முன் திரும்பின. 1953 டிசம்பர் 12 அங்கிருந்து சென்னைக்குக் கிளம்பிய டகோட்டா விமானம் ஏறிய உடனே விழுந்ததில் 14 பேரில் பைலட் ஒருவர்தான் பிழைத்தார்.

அக்காவிடம் ‘அனுப்பாதே’ என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் சரக்கு கேரவனை ராத்திரி மேகத்துக்குள் கேப்டனாக ஓட்ட 1,200 மணி நேரம் வேண்டும், அதில் 100 மணி ராத்திரிப் பறப்பு. இவன் 200-ல் நிற்கிறான், வலது சீட்டு என்பதால்தான் பேசவே முடிகிறது. கம்பெனிக்கு அனுப்பச் சொல்லிச் சில கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். எல்லாப் பறப்பிலும் இரண்டு பைலட் உண்டா, இல்லை ஆள் குறைந்தால் கேப்டன் தனியாகவா? இறக்கையில் வெதர் ரேடார் உண்டா? பகலில் தூங்க அறை யார் தருகிறார்கள்? இறங்கும் ஊர்களில் பாப்பி எரிகிறதா? சரக்கை எடை போட்டுக் கையெழுத்துப் போடுவது கம்பெனி ஆளா, சரக்குக்காரனா?

கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் வந்துவிட்டது. அதற்கும் வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதற்குள் சனிக்கிழமை இன்னொரு மணி நேரம் புக் செய்திருக்கிறான், பாப்பி இல்லாமல், எடை பின்னால் தள்ளி. நீங்கள் போவதானால் கேரவன் வேண்டும் என்று முந்தின நாளே போனில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வழக்கமான செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.